இங்கிலாந்தில் ஃபிளாட் வாங்கப் போகிறீர்களா? சொலிசிட்டர், மோர்ட்கேஜ், லீஸ்: படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

வீடு வாங்கத் தொடங்கியதும் உங்களைச் சுற்றி நாலைந்து பேர் வேலை செய்வார்கள். எஸ்டேட் ஏஜென்ட் விற்பவருடைய ஆள். கமிஷன் அங்கிருந்துதான் வருகிறது. மதிப்பீட்டுக்கு வருகிறவர் வங்கியின் ஆள். சொலிசிட்டர் உங்கள் ஆள்தான், ஆனால் பெரும்பாலும் அதே கோப்பில் வங்கிக்காகவும் அவரே வேலை செய்வார். அவர் அந்த வீட்டு வாசலை மிதிக்கப் போவதும் இல்லை. "அதெல்லாம் லோயர் பார்ப்பார்" என்று விட்டுவிடுகிறவர்கள் பிற்பாடு அலைவது இதனால்தான். பேப்பரைப் படிப்பவர் வீட்டைப் பார்ப்பதில்லை. வீட்டைப் பார்ப்பவர் பேப்பரைப் படிப்பதில்லை. இரண்டையும் பார்க்க வாய்ப்புள்ள ஒரே ஆள் நீங்கள்.

இங்கே சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும், வரியையும் படி 6இல் வரும் கட்டடப் பாதுகாப்புச் செலவு விதிகளையும் தவிர. வேல்ஸுக்குத் தனி வரி. ஸ்காட்லாந்தின் நடைமுறை அடியோடு வேறு. லண்டனில் முதல் வீடு என்றால் பலருக்கும் கைக்கு எட்டுவது லீஸ்ஹோல்ட், அதாவது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் உரிமை தரும் ஃபிளாட்தான் என்பதால் அதையே மையமாக வைத்துக்கொள்கிறேன்.

படி 1: வீடு பார்க்கப் போகும் முன், காசின் வழித்தடம்

எவ்வளவு கடன் கிடைக்கும் என்பதற்கு முதலில் வங்கியிடமோ புரோக்கரிடமோ கொள்கையளவிலான ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டு வருமானத்தின் நாலரை மடங்கு என்பது பொதுவான உச்சவரம்பு. செலவும் ஏற்கெனவே உள்ள கடனும் அதைக் குறைக்கும். இந்த ஒப்புதல் கையில் இல்லாவிட்டால் பல ஏஜென்ட்கள் உங்கள் விலையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். இது மோர்ட்கேஜ் (வீட்டுக் கடன்) கிடைத்துவிட்டது என்பதற்கான உறுதி இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

உண்மையான சிக்கல் டெபாசிட் பணத்தில், அதாவது கடன் போக நீங்கள் கையிலிருந்து போடும் பங்கில் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் பணச்சலவைத் தடுப்பு விதிகளின்படி, பணம் எங்கிருந்து வந்தது என்று சொலிசிட்டர் கேட்டே ஆகவேண்டும். மாதக்கணக்கான வங்கி ஸ்டேட்மென்ட் கேட்பார்கள், அதில் தனியாகத் துருத்திக்கொண்டிருக்கும் ஒவ்வொரு பெரிய தொகைக்கும் விளக்கம் கேட்பார்கள். நம்மவர்களில் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் டெபாசிட்டில் ஒரு பங்கு சீட்டுக் காசு.

சீட்டுப் போடுவது குற்றமில்லை. ஆனால் கையில் காசாக வாங்கி, இரண்டு மூன்று தவணையாகக் கணக்கில் கட்டிய 15,000 பவுண்டை எந்த ஆவணத்தைக் காட்டி விளக்குவீர்கள்? சீட்டு எடுக்கப்போகிறீர்கள் என்றால் வங்கி வழியாகவே வாங்குங்கள். மாதாமாதம் கட்டியதும் வங்கியிலிருந்தே போயிருந்தால் வேலை எளிது. சொலிசிட்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவர் ஏற்கமாட்டார் என்றால் இப்போதே தெரிவது நல்லது. இன்னொன்று: கழிவு போக முன்கூட்டியே எடுத்த சீட்டுக்கு மீதித் தவணை கட்டவேண்டி இருந்தால் அது கடன். மோர்ட்கேஜ் விண்ணப்பத்தில் அதைக் காட்டவேண்டும்.

பெற்றோரோ உடன்பிறந்தவர்களோ தரும் பணம் என்றால், இது அன்பளிப்பு, திருப்பிக் கேட்கமாட்டோம், வீட்டில் பங்கு கோரமாட்டோம் என்று அவர்கள் கடிதம் தரவேண்டும். கொடுப்பவரின் அடையாளமும் அவருடைய பணத்தின் மூலமும் சரிபார்க்கப்படும். நண்பரிடம் கைமாற்றாக வாங்கியதை அன்பளிப்பு என்று எழுதித்தரச் சொல்லும் பழக்கம் இருக்கிறது. வங்கியிடம் பொய் சொல்லிக் கடன் வாங்குவது மோசடிக் குற்றம்; கையெழுத்துப் போட்டவர்களும் சேர்ந்தே மாட்டுவார்கள். ஊரில் காணி விற்ற பணம் என்றால் உறுதியின் (பத்திரத்தின்) நகல், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, பணம் வந்த வங்கித் தடம் மூன்றையும் முன்பே எடுத்துவையுங்கள். இதற்கு வாரக்கணக்காகும்.

படி 2: ஊரில் வீடு இருந்தால் வரி மாறும்

முத்திரை வரியில் முதல் வீடு வாங்குபவருக்குச் சலுகை உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல், 3,00,000 பவுண்ட் வரை வரி இல்லை; அதற்கு மேல் 5,00,000 வரை 5 சதவீதம். விலை 5,00,000ஐத் தாண்டினால் சலுகையே கிடையாது. சாதாரண வீதம்: முதல் 1,25,000க்கு இல்லை, 2,50,000 வரை 2 சதவீதம், 9,25,000 வரை 5 சதவீதம்.

"முதல் வீடு" என்றால் பிரிட்டனில் முதல் வீடு என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் சொல்வது உலகத்தில் எங்குமே வீடு சொந்தமாக இருந்திருக்கக்கூடாது என்பது. யாழ்ப்பாணத்தில் சீதனமாக எழுதித்தந்த வீடு, சென்னையில் அப்பாவிடமிருந்து வாரிசாக வந்த பங்கு, எல்லாமே கணக்கில் வரும். இருவர் சேர்ந்து வாங்கினால் இருவருமே முதல் தடவையாக வாங்குபவர்களாக இருக்கவேண்டும்.

3,20,000 பவுண்ட் ஃபிளாட் ஒன்றுக்கு வித்தியாசத்தைப் பாருங்கள். முதல் வீடு வாங்குபவர் கட்டுவது 1,000 பவுண்ட். சலுகை இல்லாதவர் 6,000. வேறொரு வீடு ஏற்கெனவே இருந்து, அதில் தன் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ என்றால், முழு விலைக்கும் 5 சதவீத மேல்வரி சேர்ந்து 22,000. கணவன் மனைவியில் ஒருவர் பெயரில் மட்டும் வாங்கினாலும் மற்றவருக்கு உள்ள வீடு இந்த மேல்வரிக்குக் கணக்கில் எடுக்கப்படும். பெயர் மாற்றாமல் கிடக்கும் பூர்வீக வீடு, சகோதரர்களோடு பிரிக்காத பங்கு போன்றவற்றைச் சொலிசிட்டரிடம் எழுத்தில் கேளுங்கள். படிவத்தை அவர் நிரப்பினாலும் தவறான தகவலுக்குப் பொறுப்பு உங்களுடையது.

படி 3: சொலிசிட்டரைத் தேர்வது

வீடு மாற்றும் சட்ட வேலையைச் சொலிசிட்டரும் செய்யலாம், இதற்கென்றே உரிமம் பெற்ற கன்வேயன்சரும் செய்யலாம். வீடு வாங்கும் வேலைக்கு இருவரும் சமம்தான். ஏஜென்ட் கைகாட்டும் நிறுவனத்தையே எடுக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தச் சிபாரிசுக்குப் பின்னால் பல சமயம் பரிந்துரைக் கட்டணம் இருக்கிறது.

விலை கேட்கும்போது மொத்தத் தொகையைக் கேளுங்கள். 800 பவுண்ட் என்று தொடங்கும் மதிப்பீட்டில் லீஸ்ஹோல்ட் கூடுதல், மோர்ட்கேஜ் கூடுதல், அன்பளிப்புக் கடிதம் பார்க்க ஒன்று, லைஃப்டைம் ஐஎஸ்ஏ என்ற சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் எடுக்க ஒன்று, பணம் அனுப்ப ஒன்று என்று வால் நீளும். அதோடு கேட்கவேண்டிய மூன்று கேள்விகள்: என் கோப்பை யார் கையாளுவார்? அவர் லீவில் போனால் யார்? நான் கடன் வாங்கும் வங்கியின் அங்கீகாரப் பட்டியலில் நீங்கள் இருக்கிறீர்களா? கடைசிக் கேள்வியைத் தவறவிடாதீர்கள். தமிழ் பேசுகிறார், அருகிலேயே ஆபீஸ் என்று ஒருவரை அமர்த்திவிட்டு, வங்கி அவரை ஏற்காவிட்டால், வங்கிக்கென்று இன்னொரு சொலிசிட்டரின் கட்டணமும் உங்கள் தலையில் விழும்.

சொலிசிட்டர் வங்கிக்கும் வேலை செய்கிறார் என்பதற்கு நடைமுறையில் ஒரு பொருள் உண்டு. விலை குறைந்தது, விற்பவர் தளபாடம் இலவசமாகத் தருகிறார், டெபாசிட்டில் ஒரு பகுதி இன்னொருவருடையது போன்றவற்றை அவர் வங்கிக்கு அறிவித்தாகவேண்டும். அறிவிக்கவேண்டாம் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தால் அவர் விலகிவிடுவார்.

படி 4: விலை ஒப்புக்கொண்ட பிறகு

விற்பவர் தலையாட்டிவிட்டார் என்பதால் வீடு உங்களுடையதாகாது. 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி நில ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் பரிமாறப்படும் நாள் வரை இருவருமே செலவைத் தாங்கிக்கொண்டு விலகலாம். இடையில் வேறொருவர் கூடுதல் விலை சொல்ல, விற்பவர் அங்கே சாய்வதைத் தடுக்கச் சட்டம் இல்லை. விளம்பரத்தை எடுக்கச் சொல்லுங்கள், பிறகு வேகமாக நகருங்கள். உங்களுக்கு உள்ள பாதுகாப்பு அவ்வளவுதான்.

படி 5: மோர்ட்கேஜும் சர்வேயும்

வங்கி அனுப்பும் மதிப்பீடு உங்களுக்கானதல்ல. கடனுக்கு ஈடாக அந்த வீடு போதுமா என்பதே அதன் ஒரே கேள்வி. சில சமயம் ஆளே வராமல் கம்ப்யூட்டரில் முடித்துவிடுவார்கள். ஈரக்கசிவு, கூரை, விரிசல் தெரியவேண்டும் என்றால் ஆர்ஐசிஎஸ் என்ற தொழில்முறை அமைப்பைச் சேர்ந்த சர்வேயரை நீங்களே அமர்த்தவேண்டும். சாதாரண ஃபிளாட்டுக்கு இரண்டாம் நிலை அறிக்கை போதும். பழைய விக்டோரியா காலத்து வீட்டைப் பிரித்த ஃபிளாட், அல்லது நிறைய மாற்றம் செய்த வீடு என்றால் மூன்றாம் நிலை.

வங்கி விலையைக் குறைத்து மதிப்பிட்டால், உதாரணமாக 3,20,000க்கு ஒப்புக்கொண்டதை 3,05,000 என்றால், கடன் அந்தக் குறைந்த தொகையைக் கொண்டே கணக்கிடப்படும். விலையைக் குறைக்கக் கேட்கலாம், டெபாசிட்டைக் கூட்டலாம், வேறு வங்கியைப் பார்க்கலாம். கடன் கடிதத்துக்குக் காலாவதித் தேதி உண்டு. லீஸ் வேலை இழுபடும் என்பதால் அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். முன்கூட்டித் தீர்த்தால் அபராதம் எவ்வளவு, எந்த ஆண்டு வரை என்பதையும் வட்டியோடு சேர்த்துப் பாருங்கள். சாவி கைக்கு வரும்வரை புதிய கார் லோன் எடுக்காதீர்கள், வேலை மாறாதீர்கள்.

படி 6: லீஸைப் படிப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். லீஸ்ஹோல்டில் நீங்கள் வாங்குவது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான உரிமை. கட்டடமும் நிலமும் ஃப்ரீஹோல்டருடையவை.

முதலில் எத்தனை ஆண்டு மிச்சம். விளம்பரத்தில் "125 ஆண்டு லீஸ்" என்று போட்டிருக்கும். 1985இல் தொடங்கியிருந்தால் 2026இல் மிச்சம் 84தான். 80க்குக் கீழே இறங்கிவிட்டால், லீஸை நீட்டும்போது வீட்டின் மதிப்பு எவ்வளவு உயர்கிறதோ அதில் பாதி ஃப்ரீஹோல்டருக்குப் போகும். 2024ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் இதை நீக்கி, நீட்டிப்பை 990 ஆண்டாக்குகிறது. ஆனால் இதை எழுதும்போது அந்தப் பிரிவுகள் நடைமுறைக்கு வரவில்லை. பழைய விதிப்படி ஃபிளாட்டுக்குக் கிடைப்பது கூடுதலாக 90 ஆண்டு. நடைமுறைக்கு வந்த ஒன்று: வீட்டை வாங்கி இரண்டு ஆண்டு காத்திருந்துதான் நீட்டிப்புக் கேட்கலாம் என்ற தடை 2025 ஜனவரி 31இல் நீங்கியது. 82, 83 என்று நிற்கும் லீஸை "சட்டம் மாறப்போகிறதே" என்ற நம்பிக்கையில் மட்டும் வாங்காதீர்கள். நீங்கள் விற்கும் காலத்தில் அடுத்தவரின் வங்கி என்ன கேட்கும் என்பதையும் யோசியுங்கள்.

அடுத்தது நில வாடகை. 2022 ஜூன் 30 முதல் எழுதப்பட்ட பெரும்பாலான புதிய லீஸ்களில் நில வாடகை கிடையாது. பழைய லீஸ்களில் உண்டு. இன்றைய தொகை எவ்வளவு என்பதைவிட எப்படி உயரும் என்பதே முக்கியம். ஆண்டுக்கு 250 பவுண்ட், பத்தாண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பு என்று எழுதியிருந்தால் ஐம்பது ஆண்டில் அது 8,000 பவுண்ட். இப்படிப்பட்ட வீட்டுக்குப் பல வங்கிகள் கடன் தருவதில்லை, அதாவது பிறகு உங்களிடம் வாங்கவும் ஆள் இராது.

பராமரிப்புக் கட்டணம் பற்றிய தகவல் எல்பிஇ1 என்ற படிவத்தில், நிர்வாக நிறுவனத்திடமிருந்து வரும். வருவதற்கு வாரக்கணக்காகும், விற்பவர் காசு கட்டியபிறகுதான் வரும். ஆகவே முதல் நாளே அதற்கு ஆர்டர் போடச் சொல்லி ஏஜென்ட்டை நச்சரியுங்கள். மூன்று ஆண்டுக் கணக்கு, சேமநிதியில் உள்ள தொகை, வரப்போகும் பெரிய வேலைகள் மூன்றையும் பாருங்கள். கூரை, லிஃப்ட் போன்ற ஒரு வேலைக்கு ஒரு வீட்டின் பங்கு 250 பவுண்டைத் தாண்டினால் முன்னறிவிப்புக் கொடுத்துக் கருத்துக் கேட்கவேண்டும். இதைத்தான் பிரிவு 20 நோட்டீஸ் என்பார்கள். அப்படி ஒன்று வந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பில் வரும் நாளில் யார் உரிமையாளரோ அவரிடம்தான் கேட்பார்கள் என்பதால், கணக்கு முடியாத ஆண்டுக்கு விற்பவரின் பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துவைக்கச் சொல்லி உங்கள் சொலிசிட்டர் பேரம் பேசலாம். கேட்காவிட்டால் சிலர் செய்யமாட்டார்கள்.

கட்டடம் 11 மீட்டரோ ஐந்து மாடியோ அதற்கு மேலோ என்றால் இன்னொரு கதை. 2017 ஜூன் 14இல் லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கோபுரத்தில் 72 உயிர்களைப் பறித்த தீக்குப் பிறகு வந்தது 2022ஆம் ஆண்டுக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம். கட்டடத்தின் பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்யும் செலவிலிருந்து அது தரும் பாதுகாப்பு, 2022 பிப்ரவரி 14 அன்று அந்த ஃபிளாட் யாரிடம், எந்த நிலையில் இருந்தது என்பதைப் பொறுத்தது. விற்பவர் தரவேண்டிய சான்றுப் பத்திரம், ஃப்ரீஹோல்டர் தரவேண்டிய சான்றிதழ் இரண்டும் கைக்கு வராமல் கையெழுத்திட வேண்டாம். வெளிச்சுவரின் தீப்பாதுகாப்பு பற்றிய இடபிள்யூஎஸ்1 படிவத்தை வங்கி கேட்கிறதா என்பதையும் முன்பே விசாரியுங்கள்.

இனி, ஒருவரும் உங்களுக்காகச் செய்யாத வேலை. லீஸோடு இருக்கும் வரைபடத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். சிவப்புக் கோட்டுக்குள் இருப்பதுதான் உங்களுடையது. மேல்மாடி ஃபிளாட்டின் கூரையறைக்கு ஏணி வைத்து, கம்பளம் விரித்து, விற்பவர் பெட்டிகளை அடுக்கியிருப்பார். லீஸில் அந்த இடம் ஃப்ரீஹோல்டருடையதாக இருக்கலாம். பால்கனி, ஜன்னல் சட்டம், கார் நிறுத்துமிடம், தோட்டத்தின் பின்பாதி என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வரைபடத்தில் இல்லாத சுவரோ சமையலறையோ கண்டால் படமெடுத்து அனுப்பி, "இதற்கு ஃப்ரீஹோல்டரின் அனுமதி இருக்கிறதா?" என்று கேளுங்கள். சொலிசிட்டருக்கு அந்தச் சுவர் இருப்பதே தெரியாது.

கட்டுப்பாடுகள் பின்னிணைப்பில் இருக்கும். சமையலறை, குளியலறை தவிர எல்லா அறையிலும் கம்பளம் விரித்திருக்கவேண்டும் என்று பல லீஸ்களில் எழுதியிருக்கும். பளபளக்கும் மரத்தரையைப் பார்த்து மயங்கி வாங்கியபிறகு கீழ்வீட்டுக்காரர் இந்த வரியைக் காட்டுவார். இரவு 11 முதல் காலை 8 வரை வெளியே கேட்கும்படி இசைக்கருவி வாசிக்கக்கூடாது என்பதும் அடிக்கடி காணப்படும் வரி; பிள்ளை விடியற்காலையில் மிருதங்கம் சாதகம் செய்கிற வீடு என்றால் கவனியுங்கள். வாடகைக்கு விட அனுமதி வேண்டுமா, செல்லப்பிராணி வளர்க்கலாமா என்பதும் அங்கேதான் இருக்கும்.

படி 7: தேடுதல்களும் கேள்விகளும்

கவுன்சில், தண்ணீர் மற்றும் வடிகால், சுற்றுச்சூழல் என்று தேடுதல் அறிக்கைகள் வரும். கவுன்சில் அறிக்கை பெரும்பாலும் நீங்கள் வாங்கும் சொத்தைப் பற்றியே பேசும். எதிர்க் காணியில் எட்டு மாடி வரப்போகிறதா என்று அது சொல்லாது. கவுன்சிலின் திட்ட அனுமதி இணையப் பக்கத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டு நீங்களே பாருங்கள், காசு இல்லை.

விற்பவர் செய்த மாற்றத்துக்குக் கட்டட விதிச் சான்றிதழ் இல்லை என்றால் இழப்பீட்டுக் காப்புறுதி எடுத்துத் தருவதாகச் சொல்வார்கள். அந்த நேரத்தில் ஆர்வக்கோளாறில் கவுன்சிலுக்குப் போன் போடாதீர்கள். கவுன்சிலுக்குத் தெரிந்தபிறகு அந்தக் காப்புறுதி பொதுவாகக் கிடைக்காது. அந்தக் காப்புறுதி கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் நட்டத்துக்குத்தான். சுவர் உறுதியாக நிற்கிறதா என்பதற்குச் சர்வேயரைத்தான் கேட்கவேண்டும்.

படி 8: யார் பெயரில், யார் குடியிருக்க

இருவர் பெயரில் என்றால் இரண்டு வழி. கூட்டாக முழுமையும் இருவருக்கும் என்று எழுதினால் ஒருவர் இறந்ததும் மற்றவருக்கே போகும், உயில் அதை மாற்றாது. தனித்தனிப் பங்கு என்று எழுதினால் அவரவர் பங்கை அவரவர் உயிலில் எழுதலாம். ஒரு பக்கத்துப் பெற்றோர் பெருந்தொகை போட்டிருந்தால் பங்குப் பத்திரம் ஒன்று எழுதுவது நல்லது. கல்யாணமான சந்தோஷத்தில் இதைப் பேச யாருக்கும் விருப்பம் இருக்காது, ஆனாலும் பேசுங்கள்.

அப்பா அம்மா கூடவே குடிவரப்போகிறார்கள் என்றால் சொலிசிட்டரிடம் சொல்லவேண்டும். பெயரில் இல்லாத வயதுவந்தோர் குடியிருந்தால், வங்கியின் உரிமைக்குப் பிறகே தங்கள் உரிமை என்று அவர்களிடம் கையெழுத்துக் கேட்பார்கள். அதற்கு அவர்கள் வேறு சட்ட ஆலோசகரிடம் போகவேண்டிவரலாம்.

படி 9: ஒப்பந்தம் பரிமாறும் நாள்

மோர்ட்கேஜ் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது சாட்சி நேரில் நிற்கவேண்டும். வீடியோவில் பார்த்தது செல்லாது, குடும்பத்தவரையும் தவிர்க்கவேண்டும். பக்கத்து வீட்டுக்காரரோ கூட வேலை செய்பவரோ போதும். வழக்கமாக விலையில் 10 சதவீதத்தைக் கட்டுவீர்கள். 5 சதவீதத்துக்குப் பேசி முடித்தாலும், நீங்கள் பின்வாங்கினால் மீதி 5 சதவீதத்தையும் விற்பவர் கோரலாம்.

பணம் அனுப்பும் முன் ஒரு எச்சரிக்கை. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று சொலிசிட்டர் பெயரில் ஈமெயில் வந்தால் அது கிட்டத்தட்ட நிச்சயமாகத் திருடன். தொடக்கத்தில் கொடுத்த கடிதத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே போன் செய்து கணக்கு எண்ணைச் சரிபாருங்கள். முதலில் சிறு தொகை அனுப்பி வந்ததா என்று கேளுங்கள்.

படி 10: சாவியும் அதன் பிறகும்

முழுப் பணமும் கட்டிச் சாவி வாங்கும் நிறைவு நாளுக்கு வெள்ளிக்கிழமையைத் தவிர்த்தால் நல்லது. பணம் தாமதித்தால் திங்கள் வரை லாரியும் சாமானும் தெருவில். முத்திரை வரிப் படிவமும் பணமும் 14 நாளுக்குள் போகவேண்டும். ஃப்ரீஹோல்டருக்கு உரிமை மாறியதை அறிவிக்கவும் கட்டணம் உண்டு.

நம் ஊர்போல அலுமாரியில் பூட்டிவைக்க உறுதி ஒன்றும் வராது. நிலப் பதிவகத்தின் கம்ப்யூட்டர் பதிவுதான் உரிமை. அங்கே சொத்து எச்சரிக்கை என்ற இலவசச் சேவையில் பதிந்துவைத்தால், உங்கள் வீட்டுப் பதிவில் யாராவது கைவைக்க முயன்றால் ஈமெயில் வரும்.

பதிவு முடிய மாதக்கணக்காகலாம். முடிந்ததும் சொலிசிட்டர் அனுப்பும் நகலில் இரண்டாவது பகுதியைத் திறந்து பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அப்பாவின் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால், பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்து, வங்கி அட்டையில் இன்னொரு எழுத்து என்று இருக்கும் நமக்கு இங்கே பிழை நுழைவது சுலபம். வீட்டை விற்கும் நாளிலோ வங்கி மாற்றும்போதோ கண்டுபிடித்தால், நீங்கள்தான் அந்த ஆள் என்று நிரூபிக்கச் சத்தியக்கடதாசி வரை போகவேண்டிவரும். பதிவான உடனேயே சொன்னால் பெரும்பாலும் சொலிசிட்டரின் ஒரு கடிதத்தோடு திருத்திவிடலாம். கடிதத் தொடர்புக்குக் கொடுத்த விலாசமும் புது வீட்டுடையதா, நீங்கள் காலிசெய்த பழைய வாடகை வீட்டுடையதா என்று அதே பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.